இரையும் கம்பிகள்

மின்சாரம் ஓசையின்றி ஏவல் செய்யும் பணியாள் என்பது பலரது எண்ணம். விசையை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது. இடையிலே ஓசையுமில்லை, புகையுமில்லை. வீட்டளவில் இவ்வெண்ணம் பொருந்தும். ஆனால், மலைநாட்டு மின்னிலையத்திலிருந்து நகரத்துக்கு மின்சாரத்தைச் சுமந்து செல்லும் பெருங்கோபுரங்களின் கீழே, தூறல் விழும் மாலைப்பொழுதில் ஒருவர் சற்று நின்று செவிகொடுப்பாராயின் வேறொன்றை அறிவார். காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போன்ற ஓர் இரைச்சல் மேலிருந்து வரும். அதனடியிலே வண்டு முரல்வது போன்ற ரீங்காரம் ஒன்றும் இடையறாது கேட்கும்.

இவ்வோசைக்கு ஏறக்குறைய நூற்றுமுப்பது ஆண்டு வரலாறு உண்டு. இதனை முதன்முதல் ஆராய்ந்தோர் எந்திரவியலறிஞர். அவர்கள் காதில் விழுந்தது பணம் ஒழுகும் ஓசை. கம்பியிலே ஏறி வேலைசெய்தவரின் உயிரைப்பற்றிய ஆராய்ச்சி அதற்குப் பின்னரே தொடங்கிற்று. கம்பியின் கீழே குடியிருந்தோரின் உறக்கத்தைப்பற்றி எண்ணியது அதற்கும் பின்னர். இந்த வரிசையே கவனிக்கத்தக்கது.

மின்சாரத்தை ஏன் உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பவேண்டும்? காரணம் எளிய கணக்கு. கம்பி வழியே செல்லும் வலுவானது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. கம்பி சூடேறி வீணாகும் இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும், இழப்புக் காற்பங்காகும். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் இழப்பு நூற்றிலொரு பங்காகும். 1882ஆம் ஆண்டு ஜெர்மனியில் மீஸ்பாக் என்னும் ஊரிலிருந்து மியூனிக் நகரக் கண்காட்சிக்கு 57 கிலோமீற்றர் தூரம் தந்திக்கம்பியொன்றினூடாக மின்சாரம் அனுப்பப்பட்டபோது, புறப்பட்டதிற் பெரும்பங்கு வழியிலேயே தொலைந்தது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1891இல், லௌபன் என்னும் ஆற்றங்கரையூரிலிருந்து பிராங்க்போட் நகருக்கு 175 கிலோமீற்றர் தூரம், 15,000 வோல்ற்று அழுத்தத்தில், ஆடலோட்டமாக மின்சாரம் வந்தது. புறப்பட்டதில் முக்காற்பங்கு போய்ச் சேர்ந்தது. கண்காட்சியிலே ஆயிரம் விளக்குகள் எரிந்தன. அம்மின்சாரத்தாலேயே நீரேற்றப்பட்ட செயற்கை அருவியொன்றும் விழுந்தது. அன்று தொடக்கம், அழுத்தத்தை இன்னும் இன்னும் உயர்த்துவதொன்றே வழி என்று யாவரும் நம்பினர்.

அந்த நம்பிக்கைக்கு முதலடி விழுந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைப்பட்டினமான தெலூரைட். பொன்னும் வெள்ளியும் அகழும் ஊர் அது; கடல்மட்டத்திலிருந்து 2,600 மீற்றருக்கும் உயரமானது. சுரங்கத்து இயந்திரங்களுக்கு வேண்டிய நிலக்கரியைக் கோவேறு கழுதைகளே மலைமேற் சுமந்தன, செலவு தாங்கமுடியவில்லை. சுரங்கத்தின் வழக்குகளைக் கவனிக்க வந்த நன் என்னும் சட்டத்தரணி, பள்ளத்தாக்கிலே ஓடும் ஆற்றைக்கொண்டு மின்சாரம் பிறப்பித்து, 3,000 வோல்ற்று அழுத்தத்தில் சில கிலோமீற்றர் தூரம் மலைமேல் அனுப்பும் துணிவான வேலையைத் தொடங்கினார். 1891இல் அது கைகூடிற்று. வழக்கறிஞர் ஒருவர் இவ்வாறு எந்திரவியல் வரலாற்றிலே இடம்பெற்றது வியப்பே.

அவ்வெற்றியின்பின், வெஸ்ரிங்ஹவுஸ் கம்பனியைச் சேர்ந்த சாள்ஸ் ஸ்கொட், றால்ப் மேர்ஷன் ஆகிய எந்திரவியலாளர் அம்மலைப்பட்டினத்தையே சோதனைக்களமாக்கினர். கம்பியின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் இழப்பு எவ்வளவென்று அளந்தனர். ஓரெல்லைவரை இழப்பு மிகச் சொற்பம். அவ்வெல்லையைக் கடந்ததும் கம்பிகள் இரையத் தொடங்கின. இருட்டிலே பார்த்தபோது கம்பி நெடுகிலும் நீலநிற ஒளி படர்ந்திருந்தது. கம்பியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் காற்றினூடாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. அழுத்தத்தை மேலும் சிறிது உயர்த்தினால் இழப்பு மளமளவென ஏறிற்று. 1898இல் ஸ்கொட் இம்முடிவுகளை அமெரிக்க மின்னெந்திரவியலாளர் சங்கத்தில் அறிவித்தார். அழுத்தத்தை உயர்த்தி இழப்பைக் குறைக்க முயன்றால், உயர்ந்த அழுத்தமே புதியதோர் இழப்பை உண்டாக்குகிறது. கதவை அடைத்தால் யன்னலால் வருகிறது என்ற கதை.

தெலூரைட்டில் இது புலப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மலையுச்சியிற் காற்று ஐது. ஐதான காற்று மின்னழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. ஆகவே, கடலோரத்தில் மறைந்திருந்திருக்கக்கூடிய ஒன்று மலைமேல் முன்கூட்டியே வெளிப்பட்டது. அக்காலத்து ஆய்வாளர் இதனைப் பின்னரே கணக்கிட்டுணர்ந்தனர்.

காற்றின் இந்நடத்தையை விளக்குவதற்கு ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் சென்றன. கோர்நெல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹரிஸ் றையன் 1904இல் உயரழுத்தத்திற் காற்று மின்கடத்தியாக மாறுவதைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜோன் வைட்ஹெட் அதே துறையில் நுட்பமான அளவைகளை எடுத்தார். ஆயினும் சட்டம்போல எழுதிவைத்தவர் ஜெனரல் இலெக்றிக் கம்பனியின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பிராங்க் பீக் என்பவரே. 1911இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடநூல்களில் அவர் பெயரோடு வழங்குகிறது. பாடநூல்கள் சூத்திரத்தை மாத்திரம் தந்துவிட்டுச் செல்வது வழக்கம். அதன் பின்னால் எத்தனை இரவுகள் இருட்டறையிற் கம்பியைப் பார்த்திருக்கவேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

பீக் கண்டது யாது? சாதாரண காற்று, ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ற்று உச்ச அழுத்தம்வரை தாங்கும். அதற்கு மேற்போனால் காற்றிலுள்ள இலத்திரன்கள் விரைந்தோடி அணுக்களை மோதி, மேலும் இலத்திரன்களைப் பிரித்துவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். நொடியின் மிகச்சிறு பகுதியிற் பெருவெள்ளமாகும். கம்பியைச் சூழ்ந்து ஒளிரும் அவ்வடுக்குக்குக் கொரோனா என்று பெயர். எல்லையைக் கடந்தபின் இழப்பு, கடந்த அளவின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். எல்லைக்கு மேல் பத்தாயிரம் வோல்ற்றுக்கு ஒரு பங்கு இழப்பெனில், இருபதாயிரத்துக்கு நான்கு பங்கு, முப்பதாயிரத்துக்கு ஒன்பது பங்கு. கம்பி மெலிதாயின் அதன் மேற்பரப்பிலே விசை குவியும், பருமனாயின் பரவும். ஆகவே பரிகாரம் வெளிப்படை: கம்பியைப் பருமனாக்கவேண்டும்.

சொல்வது எளிது. திண்மையான செம்பைப் பருமனாக்கினால் விலையும் ஏறும், பாரமும் ஏறும். அதனால் உள்ளே வெறுமையான செம்புக்கம்பியைச் செய்தனர். ஹூவர் அணைக்கட்டிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு 1936 ஒக்டோபரில் மின்சாரம் கொண்டுவந்த கம்பி அத்தகையது, 1.4 அங்குல விட்டம், 266 மைல் நீளம், 287,500 வோல்ற்று அழுத்தம். அக்கம்பிக்கான சோதனைகள் ஸ்ரான்போட் சர்வகலாசாலையில் றையனின் பெயர் தாங்கிய ஆய்வுகூடத்தில் நடந்தன. றையன் 1934இற் காலமானார். மின்சாரம் நகரை அடைந்ததைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. அதன்பின் இன்னும் சிக்கனமான உபாயம் வந்தது. ஒரு பெருங்கம்பிக்குப் பதிலாக இரண்டு, மூன்று, நான்கு கம்பிகளைச் சிறிது இடைவிட்டுக் கற்றையாகக் கட்டினால், காற்றுக்கு அது ஒரே பருத்த கம்பிபோலத் தோன்றும். சுவீடன் 1952இல் ஹாஷ்பிறொங் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 950 கிலோமீற்றர் தூரத்துக்கு, 380,000 வோல்ற்றில், இரட்டைக்கம்பிக் கற்றை கட்டியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1965இல் நாற்கம்பிக் கற்றையோடு 735,000 வோல்ற்றை எட்டியது. இழப்பைப் பொறுத்தமட்டில் வெற்றி எந்திரவியலாளருடையதே.

இவ்வளவும் கம்பியின் கதை. கம்பியில் ஏறியவனின் கதை வேறு.

1889 ஒக்டோபர் 11ஆந் திகதி நியூ யோர்க் நகரின் நடுவே, நண்பகல் வேளையில், தந்திக்கம்பி திருத்த ஏறிய தொழிலாளி ஒருவர் சனக்கூட்டம் பார்த்திருக்கக் கம்பிவலைக்குள் சிக்கி உயிர்நீத்தார். அவர் தொட்டது தீங்கற்றதென்று கருதப்பட்ட தந்திக்கம்பி. வேறெங்கோ ஓரிடத்தில் அது உயரழுத்த விளக்குக்கம்பியோடு உராய்ந்திருந்தது. நகரமே கொதித்தெழுந்தது, பத்திரிகைகள் எழுதின, கம்பங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. இரண்டாண்டுகளின் பின், 1891 நவம்பரில், சென்ற் லூயிஸ் நகரில் பத்துப் பிரதிநிதிகள் கூடி மின்தொழிலாளர் சங்கமொன்றை அமைத்தனர். ஹென்றி மில்லர் என்னும் கம்பித்தொழிலாளி அதன் முதலாவது தலைவரானார். ஊர்ஊராகப் புகையிரதத்திற் சென்று சங்கக் கிளைகளை நிறுவினார். சென்ற இடங்களிற் கம்பத்திலேறி வேலைசெய்தே தமது சாப்பாட்டுக்கு வழிதேடினார். 1896 யூலையில் வாஷிங்ரன் நகரில் அவ்வாறு வேலைசெய்கையில் மின்சாரம் தாக்கி, கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். அக்காலத்தில் சில இடங்களில் இத்தொழிலுக்கு வந்தோரில் இருவரில் ஒருவர் தொழிலிலேயே மாண்டனர் என்று அச்சங்கம் தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறது.

தெலூரைட்டிலே இழப்பை வாற்றுக்கணக்கில் அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மில்லர் இறந்தார். மின்சாரம் மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பதை அளப்பதற்கு அப்போது ஆய்வுகூடம் எதுவும் முன்வரவில்லை. மூச்சை அடைக்கிறதா, இதயத்தை நிறுத்துகிறதா, மூளையைச் சுடுகிறதா என்பதில் வைத்தியருக்கே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ஜெனீவா நகரில் பிறெவோ, பத்தெல்லி என்னும் இருவர் 1899இல், மெல்லிய மின்தாக்கு நாயின் இதயத்தை ஒழுங்கின்றித் துடிக்கச் செய்வதையும், வலிய தாக்கு அதனை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவருவதையும் கண்டறிந்திருந்தனர். அவர்களுடைய கட்டுரை அலுமாரியில் உறங்கிற்று.

1920களிலேதான் நிலைமை மாறியது. கம்பித்தொழிலாளர் சாவு பெருகிவரக் கண்ட மின்சாரக் கம்பனிகள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தன. அப்பணியை ஏற்றவர் வைட்ஹெட் கொரோனாவை ஆராய்ந்த அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் எந்திரவியற் பகுதியைச் சேர்ந்த வில்லியம் கௌவன்ஹோவன். அவர் வைத்தியரல்லர், மின்னெந்திரவியலாளர். ஹூக்கர், லாங்வேதி என்னும் மருத்துவத்துறை அறிஞரோடு சேர்ந்து எலிகளிலும் நாய்களிலும் சோதனை நடத்தினார். உயிரிழப்பின் மூலம் தெளிவாயிற்று. மின்சாரம் தாக்கிய இதயத்தின் தசைநார்கள் ஒருமித்துச் சுருங்குவதில்லை. காற்றிலாடும் அரசிலைகள்போல் தனித்தனியே நடுங்குகின்றன. இதயம் நின்றுவிடவில்லை, ஆனால் இரத்தம் ஓடவில்லை. 1933இல் அவர்கள், இன்னொரு மின்தாக்கினாலேயே அந்நடுக்கத்தை அடக்கலாம் என்று மீண்டும் நிறுவினர். கொன்ற கருவியே உயிர்ப்பிக்கும் மருந்துமாயிற்று.

ஆனால் அதனைக் கம்பத்தடிக்கு எவ்வாறு கொண்டுசெல்வது? கௌவன்ஹோவன் 1950களில் மார்பைப் பிளக்காமல் வெளியிலிருந்தே இதயத்துக்குத் தாக்குக் கொடுக்கும் இயந்திரத்தை அமைத்தார். அது நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரம். 1958இல் அவருடைய மாணவரும் உதவியாளருமான கை நிக்கபொக்கர், சோதனை நாயின் மார்பில் அவ்வியந்திரத்தின் கனத்த தகடுகளை வைத்து அழுத்தியபோது, தாக்குக் கொடுக்குமுன்பே குருதியமுக்கம் சிறிது எழுவதைக் கண்டார். வேறொருவராயின் கவனியாது விட்டிருப்பார். இதயம் நின்றிருக்கையிலும் மார்பை அழுத்தினால் இரத்தம் ஓடுகிறது! சத்திரசிகிச்சை வைத்தியர் ஜேம்ஸ் யூட் அவர்களுடன் சேர்ந்தார். 1960 யூலையில் மூவரும் அமெரிக்க வைத்தியச்சங்கச் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். 20 நோயாளரிற் 14 பேர் பிழைத்திருந்தனர். இயந்திரம் வேண்டாம், கத்தி வேண்டாம், இரண்டு கைகள் போதும் என்பதே அக்கட்டுரையின் சாரம்.

இன்று உலகெங்கும் பாடசாலை மாணவர்க்கும் முதலுதவியாளர்க்கும் கற்பிக்கப்படும் மார்பழுத்தும் முறை, கம்பத்திலே மாண்ட தொழிலாளரை முன்னிட்டுத் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலர். 1969இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலை, எண்பது வயது கடந்த அம்மின்னெந்திரவியலாளருக்குக் கௌரவ வைத்தியப் பட்டம் வழங்கியது. அதற்குமுன் எவருக்கும் அப்பட்டத்தை அது கௌரவமாக வழங்கியதில்லை.

கம்பத்தின் மேல் தொங்குபவனுக்கு மார்பை அழுத்த இயலாது. ஆனால் மூச்சுக் கொடுக்கலாம். 1967 யூலையில் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் 4,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட கம்பியொன்றைத் தொட்ட தொழிலாளி, இடுப்புப்பட்டியில் தலைகீழாகத் தொங்கினார். பக்கத்துக் கம்பத்தில் நின்ற தோழர் இறங்கி ஓடிவந்து ஏறி, அவர் தலையைக் கையில் ஏந்தி வாயோடு வாய் வைத்து ஊதினார். அவ்வழியே வந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர் றொக்கோ மொறபிற்றோ அதனைப் படம்பிடித்தார். அடுத்த ஆண்டு அப்படத்துக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. தொங்கிய மனிதர் பிழைத்தார். அதனினும் பெரிய பரிசு எது?

கலிபோர்ணியாச் சர்வகலாசாலையின் சாள்ஸ் டல்சியல் வேறொரு வினாவை எழுப்பினார். எவ்வளவு மின்னோட்டம்வரை பிடித்த கம்பியை ஒருவன் தானாகவே விட்டுவிடமுடியும்? 1940களில் அவர், வைத்தியர் அருகிலிருக்க, தாமாக முன்வந்த 134 ஆடவரிலும் 28 பெண்களிலும் இதனைச் சோதித்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியம்பியர், பெண்களுக்குப் பத்தரை. அதற்கு மேற்போனால் கைத்தசை இறுகி, மூளை விடு என்றாலும் கை விடாது. அறுபது வாற்று மின்குமிழ் ஒன்று இலங்கை வீட்டிலே எடுக்கும் மின்னோட்டத்தில் இது பதினாறில் ஒரு பங்கே. உயரழுத்தம்தான் கொல்லும் என்று நம்பியிருந்தோர்க்கு இவ்வெண்கள் திடுக்கிடத்தக்கவையாயின. இன்று வீடுகளிற் பொருத்தப்படும் ‘ரிப் சுவிச்’ என்னும் காப்புக்கருவியும் இத்தகைய எண்களை அடியாகக் கொண்டதே.

இதற்கிடையில் தொழிலின் முறையும் மாறியது. பெருநகர்களுக்கு மின்சாரம் ஒருகணமும் நிற்கக்கூடாதென்ற நிலை வந்தபோது, கம்பியில் மின்னோட்டம் இருக்கவே அதனைத் திருத்தும் பழக்கம் வளர்ந்தது. முதலில் நீண்ட மரத்தடிகளால் எட்டநின்று வேலைசெய்தனர். 1960இல் அமெரிக்காவில் ஹரல்ட் றோடன் என்னும் எந்திரவியலாளரின் முயற்சியால் வெறுங்கைமுறை அறிமுகமாயிற்று. தொழிலாளி நிலத்திலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்ட கூடையில் ஏறி, கம்பியின் அழுத்தத்தையே தானும் அடைந்து, கம்பியைக் கையாலேயே பிடிப்பார். கம்பியில் அமர்ந்த காகத்துக்கு ஏன் ஒன்றும் நேர்வதில்லை என்ற பழைய வினாவின் விடைதான் இது. ஆனால் மூன்று இலட்சம் வோல்ற்றுக்கு மேல், காற்றினூடாகவே உடலிற் சிறு மின்னோட்டம் பாயும், மயிர் சிலிர்க்கும், விரல்நுனியிற் பொறி தெறிக்கும். மைக்கல் பரடே 1836இல் உலோகக்கூட்டுக்குள் நின்று காட்டிய உண்மையைப் பின்பற்றி, மின்கடத்தும் நூலிழை கலந்த உடையை அவர்கள் அணிந்தனர்.

உடனடி ஆபத்து நீங்கிற்று. நாட்பட என்ன நேரும்? இதனையும் ஆராய அழைக்கப்பட்டவர் கௌவன்ஹோவனே. வெறுங்கைமுறையில் வேலைசெய்த சுமார் பத்துத் தொழிலாளரை அவரும் துணைவரும் ஆண்டுதோறும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். ஒன்பதாண்டுக் கணக்கை 1973இல் வெளியிட்டபோது, தீங்கு எதுவும் காணப்படவில்லை என்றனர். அதற்கு முந்திய ஆண்டு பரிஸ் மாநகரில் நடந்த சர்வதேச மின்னாய்வு மாநாட்டில், சோவியத்து ஆய்வாளர் கொறொப்கோவாவும் துணைவரும் முற்றும் மாறான செய்தியொன்றைக் கொண்டுவந்திருந்தனர். 500,000 வோல்ற்று மின்முற்றங்களில் வேலைசெய்தோர் தலைவலி, சோர்வு, உறக்கக்கேடு ஆகியவற்றை முறையிட்டனர் என்பது அது. சோவியத்து விதிகள் நேரத்தையே பங்கிட்டன. மீற்றருக்கு 5,000 வோல்ற்று வலிமையுள்ள மின்புலத்தில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். 10,000 ஆயின் மூன்று மணித்தியாலம். 20,000 ஆயின் பத்து நிமிடம். 25,000 ஆயின் ஐந்தே நிமிடம்.

எது உண்மை? இரு தரப்பிலும் குறை உண்டு. பத்துப் பேரைக் கொண்டு கோடிப்பேருக்கு முடிவு சொல்ல இயலாது. அமெரிக்கத் தொழிலாளரோ காப்புடையும் அணிந்தவர்கள். சோவியத்து ஆய்வில், ஓசையும் பொறித்தாக்கும் நிறைந்த முற்றத்தில் வேலைசெய்தவரின் தலைவலி மின்புலத்தால் வந்ததா, வேறெதனால் வந்ததா என்று பிரித்தறியத் தக்க ஒப்பீடு இருக்கவில்லை. ஒப்பீட்டோடு செய்யப்பட்ட ஆய்வு 1979இல் சுவீடனிலிருந்து வந்தது. நெடுநாள் 400,000 வோல்ற்று நிலையங்களில் வேலைசெய்த 53 பேர், அவ்வேலை செய்யாத, வயதொத்த 53 பேரோடு ஒப்பிடப்பட்டனர்; நரம்புமண்டலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் அதே 1979இல் டென்வர் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, மின்கம்பிகளின் காந்தப்புலத்துக்கும் சிறுவரின் புற்றுநோய்க்கும் தொடர்பிருக்கலாமென்று புதியதோர் ஐயத்தைக் கிளப்பிற்று. உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002இல் அக்காந்தப்புலத்தை ‘புற்றுநோய் விளைக்கக்கூடும்’ என்னும் ஐயப்பகுதியிலேயே வைத்தது. நிரூபிக்கப்பட்டவற்றின் பகுதியில் வைக்கவில்லை.

ஓசைக்கு வருவோம். 1960களின் பிற்பகுதிவரை கொரோனாவின் இரைச்சலை எவரும் ஒரு குறையாகக் கணக்கிடவில்லை. வானொலியிற் கரகரப்பு உண்டாவதையே கவனித்தனர். 500,000 வோல்ற்றும் அதற்கு மேலும் வந்தபோது, கம்பிப்பாதையின் ஓரத்துக் கமக்காரர் முறையிட்டனர். மழைத்துளிகள் கம்பியின் அடியிலே தொங்கி, மின்விசையால் ஊசிமுனைபோல் இழுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு சிறு கொரோனாவாகிறது. அதுவே இரைச்சல். ரீங்காரமோ ஆடலோட்டத்தின் தாளம். அமெரிக்காவில் நொடிக்கு 120 அதிர்வு, இலங்கையில் நூறு. கனமழையில் மழையின் ஓசையே அதனை மறைத்துவிடும். மழை ஓய்ந்து, ஊர் அடங்கி, கம்பி மாத்திரம் ஈரமாயிருக்கும் நேரமே பொல்லாதது. எந்திரவியலாளர் பகலில், நல்ல வெயிலில் வந்து கேட்டுவிட்டு, ஒன்றுமில்லையே என்று திரும்பியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்கில் பொன்வில் மின்வலு நிர்வாகத்தைச் சேர்ந்த பெரி என்பவர், கம்பிகளின் ஓசை அளவையும் வந்துசேர்ந்த முறைப்பாடுகளையும் ஒப்புநோக்கி 1972இல் ஓர் அளவுகோல் வகுத்தார். ஐம்பத்திரண்டரை டெசிபெலுக்குக் கீழே முறைப்பாடு அரிது, 59 டெசிபெல் வரை சில, அதற்குமேற் பல. 59 டெசிபெல் என்பது இருவர் சாதாரணமாக உரையாடும் ஓசையளவே. ஆனால் அவ்வுரையாடல் ஒருவரது படுக்கையறை யன்னலருகே விடியும்வரை நடக்குமாயின் எவ்வாறிருக்கும் என்று நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். அக்கருத்தின் சிறப்பு, கருவியின் அளவோடு மனிதரின் முறைப்பாட்டையும் ஒரு சான்றாக ஏற்றுக்கொண்டமையே. நியூ யோர்க் மாநிலத்தில் 765,000 வோல்ற்றுக் கம்பி குறித்து 1970களில் ஆண்டுக்கணக்காக நடந்த பகிரங்க விசாரணையில் இவ்வோசையும் ஒரு வழக்காயிற்று.

அதன்பின் கணக்கே மாறிற்று. இழப்புக்காக மாத்திரம் கம்பி கட்டுவதாயின் கற்றையில் இத்தனை கம்பி போதும் என்ற எல்லையிலே எந்திரவியலாளர் நின்றிருக்கலாம். ஓசைக்காக மேலும் சேர்க்கவேண்டியதாயிற்று. 2009இல் சீனா, ஷான்சி மாகாணத்திலிருந்து ஹூபே மாகாணத்துக்கு ஏறக்குறைய 640 கிலோமீற்றர் தூரம், 1,000,000 வோல்ற்று ஆடலோட்டக் கம்பியொன்றை ஓடவிட்டது. ஒவ்வொரு கற்றையிலும் எட்டுக் கம்பிகள். அத்துணை உயர்ந்த அழுத்தத்திற் கற்றையின் பருமனைத் தீர்மானிப்பது முதன்மையாக ஈரநாளில் எழும் ஓசையே, இழப்பு அடுத்தபடி. அவ்வெட்டுக் கம்பிகளும் தூறலிலே இன்னும் இரைகின்றன, ஆனால் முன்னிலும் மெல்லிதாக.